கல் இடுக்கில் முளைக்கும் புல்லும் கால் வழுக்கும் பாசியும்

முதலில், முற்றத்துக் கல் இடுக்கில் முளைத்த செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மழை விட்ட மறுநாள், கல் இடுக்கு ஈரமாக இருக்கும்போது, ஒரு குப்பைமேனியையோ அம்மான் பச்சரிசியையோ அடித்தண்டில் பிடித்து மெதுவாக இழுத்தால் வேரோடு வந்துவிடும். வேரில் ஒட்டியிருக்கிற மண்ணை விரலில் வைத்து நசுக்குங்கள். கல் போட்ட அன்றைக்கு இடுக்கில் நிரப்பிய எம்-சாண்ட், அதாவது கல்லை நொறுக்கிச் செய்த மணல், சாம்பல் நிறத்தில் கரகரவென்று இருக்கும். இதுவோ கறுத்து, மெத்தென்று, பிலாவிலை மக்கின வாசத்தோடு இருக்கும். கொத்தனார் போட்ட மண் இல்லை இது. காற்றிலும் செருப்பிலும் மரத்திலிருந்தும் வந்து விழுந்து, வருஷக்கணக்கில் இடுக்குக்குள் சேர்ந்த மண். விதையும் அதே வழியில்தான் வந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம், அருமனை, களியக்காவிளை, கேரள எல்லை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் பத்தொன்பது வருஷமாக முற்றத்தில் கல் போடுவது என் வேலை. மற்ற ஊர்களில் பேவர் பிளாக் என்பதை எங்கள் பக்கம் இன்டர்லாக் என்போம். என்னைக் கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் புல் கீழேயிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறார்கள். "அடியில பிளாஸ்டிக் விரிச்சிருந்தா வந்திருக்காதுல்லா கொத்தனாரே?" என்று கேட்பார்கள். வந்திருக்கும். மேலே விழுகிற விதைக்கு அடியில் விரித்த பிளாஸ்டிக் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, மழைத்தண்ணீர் கீழே இறங்க முடியாமல் கல்லுக்கு அடியில் விரித்த மணல் சேறாகும், கல் ஆடும், தாழும். தாழ்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், பாசி பிடிக்கும். அடியில் ஏதாவது விரித்தே ஆக வேண்டும் என்றால், தண்ணீர் இறங்கக்கூடிய ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரிக்கலாம். அதுவும் களிமண்ணும் மணலும் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதற்காகத்தான்.

கீழேயிருந்து வருகிறவை இரண்டு உண்டு. கோரையும் அருகம்புல்லும். கோரைக்கு மண்ணுக்குள் சங்கிலி மாதிரி கிழங்கு ஓடும். மேலே வந்ததை எத்தனை தரம் கிள்ளினாலும் கிழங்கு இருக்கிறவரை திரும்ப வரும். ஊசி மாதிரி முனை அதற்கு. பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு வரும்.

கோரையைப் பற்றி நான் படித்தது என் அக்கா வீட்டில். 2013-ல் அவள் வீட்டு முற்றத்துக்கு நான்தான் இன்டர்லாக் போட்டேன். மணலுக்குத் தட்டுப்பாடான நேரம். கல்லுக்கு அடியில் விரிக்க மணல் போதாமல், பின்பக்கம் குவித்துக் கிடந்த தோட்டத்து மண்ணையும் கலந்து போட்டுவிட்டேன். அதற்குள் கோரைக்கிழங்கு இருந்திருக்கிறது. நான் சலிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அடுத்த இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், முற்றம் முழுக்கப் பச்சை. அக்கா போனில் கூப்பிட்டு, "தம்பி, நீ ஒரு நேரம் வந்து உன் முற்றத்தைப் பாத்துட்டுப் போ" என்றாள். போனால், முட்டுவலியோடு பலகை போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. மாசி மாதம் வெயில் ஏறினதும் முழுக் கல்லையும் பெயர்த்து, அடிமண்ணை முக்கால் அடி ஆழத்துக்கு வாரி, கிழங்கு பொறுக்கி, புது மணல் போட்டு என் செலவிலேயே திரும்பப் போட்டுக் கொடுத்தேன். அத்தான் காசு நீட்டினார், நான் வாங்கவில்லை.

ஆகவே புதிதாகக் கல் போடுகிறவர்கள், கொத்தனார் வேலை தொடங்கும் முன்னே பக்கத்தில் நின்று பாருங்கள். கோரை இருக்கிற இடமா? அப்படியென்றால் மண்ணை வெட்டி மறித்துப் போட்டு வெயிலில் காயவிடுங்கள். காய்ந்துபோன கிழங்கு முளைக்காது. ஆனால் மழைக்காலத்தில் இது நடக்காது. மாசி, பங்குனிதான் நேரம். ஏற்கெனவே போட்ட முற்றத்தில் ஓர் இடத்தில் மட்டும் கோரை வந்தால், அந்த நாலைந்து கல்லை மட்டும் தூக்கிவிடுங்கள். இன்டர்லாக்கின் பெரிய லாபமே இதுதான். இரண்டு தட்டை ஸ்க்ரூ டிரைவரை எதிரெதிர்ப் பக்கம் விட்டு மாற்றி மாற்றி நெம்பினால் முதல் கல் வரும். முதல் கல் வந்துவிட்டால் மற்றவை கையோடு வரும்.

இனி மேலேயிருந்து வருவதற்கு. இடுக்கு நிறைந்து, இறுகி இருக்க வேண்டும். அது ஒன்றுதான் வழி. கல்லுக்கும் கல்லுக்கும் இடைவெளி 2 முதல் 4 மில்லிமீட்டர். அதற்குள் உலர்ந்த, சலித்த மணல் அடி வரைக்கும் இறங்கியிருந்தால் வேர் பிடிக்க இடமில்லை. மேல்மட்டம் ஒரு விரல் கணு அளவு இறங்கிப் போனால் அந்தக் குழி பூந்தொட்டிதான். தூசி அங்கேதான் போய்ச் சேரும்.

நிரப்புவதில் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். ஈர மணலைக் கொட்டி வாரியலால் தள்ளினால் அது இடுக்கின் வாயிலேயே அடைத்துக்கொண்டு நிற்கும், அடியில் வெற்றிடம். முதல் மழையில் பொத்தென்று இறங்கிவிடும். மணலைத் தார்ப்பாயில் விரித்து நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வையுங்கள். கொசுவலை மாதிரிச் சின்னக் கண் உள்ள வலையில் சலியுங்கள். கல்லும் காய்ந்திருக்கும் நாளில், வெயில் ஏறினபிறகு, மணலைப் பரப்பி வாரியலால் குறுக்குச் சாய்வாகத் தள்ளுங்கள், இடுக்கின் நீளவாக்கில் தள்ளினால் உள்ளே இருப்பதும் வெளியே வரும். பிறகு ஒரு பலகையைக் கல்மேல் வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் மணல் அதிர்ந்து இறங்கும். திரும்பவும் மணல், திரும்பவும் தட்டு. மூன்று சுற்று வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தரம் வந்து பார்த்து இறங்கினதை நிரப்ப வேண்டும். இந்தக் கடைசிச் சுற்றுக்கு எந்த ஒப்பந்தக்காரரும் வரமாட்டார். நீங்களே செய்யுங்கள், ஒரு மூட்டை மணலைக் காயவைத்து மழை படாத இடத்தில் கட்டி வைத்திருங்கள்.

எந்த மணல்? எங்கள் பக்கம் பாறைப்பொடிதான் மலிவு, நானும் முன்னே அதைத்தான் போட்டேன். அதில் மாவு மாதிரித் தூள் அதிகம். மழையில் குழம்பாகி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரம் நின்றால் பாசி. இப்போது கழுவின எம்-சாண்ட் மட்டும்தான். கடற்கரைக்குப் பக்கத்து வீடுகளில் கடல் மணலைப் போடலாமா என்று கேட்பார்கள். கூடாது. உப்பு ஈரத்தை இழுக்கும், கல்மேல் வெள்ளையாகப் பூக்கும்.

சிமென்ட் பால் ஊற்றி அடைத்துவிடலாம் என்பது இன்னொரு யோசனை. அடியில் கான்கிரீட் போட்டு அதன்மேல் பதித்த கடப்பாக் கல், கருங்கல் பலகைக்கு அது சரி, சிமென்ட் ஒன்றுக்கு மணல் மூன்று என்று கலவை வைத்து நன்றாக நனைத்து ஆற்ற வேண்டும். மணல்மேல் உட்கார்ந்திருக்கிற இன்டர்லாக்குக்கு அது ஆகாது. கார் ஏறும்போது கல் கொஞ்சம் அசையும், சிமென்ட் அசையாது, வெடிக்கும். வெடிப்புக்குள் தூசி போய் அங்கேயும் முளைக்கும். அப்புறம் ஒரு கல்லைத் தூக்க நினைத்தாலும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பாறசாலைப் பக்கம் இப்போது புதுப் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. பெரிய கல் பலகைகளுக்கு நடுவே இரண்டு அங்குல இடைவெளி விட்டு, அதில் செயற்கைப் புல் பட்டையைப் பதிப்பது. பார்க்க அழகுதான். நான் போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தப் பிளாஸ்டிக் நாரில் சேர்கிற தூசியை எந்த வாரியலும் எடுக்காது. இரண்டு மழைக்குள் அதன் அடியில் பாசி கட்டிவிடும்.

அன்றாட வேலை என்று பார்த்தால் ஈர்க்கு வாரியலால் பெருக்குவதுதான். மழை நாளிலும் பெருக்குங்கள். ஈரக்கல்லில் மூன்று நாள் கிடந்த பிலாவிலை கறையைவிட்டுத்தான் போகும். முளைத்ததை விதை பிடிக்கும் முன்னே எடுத்துவிடுங்கள். புளியாரைக் காய் முற்றினால் தொட்டதுமே தெறித்து நாலா பக்கமும் விதை பறக்கும், வெட்டுக்காயப் பூண்டின் விதை பஞ்சோடு காற்றில் போகும். இன்றைக்கு ஒன்றை விட்டால் அடுத்த மழைக்கு ஒரு வரிசையே முளைத்து நிற்கும். இடுக்கைச் சுரண்ட நான் வைத்திருப்பது பழைய ரப்பர் வெட்டுக் கத்தி. பால் வெட்டித் தேய்ந்துபோன கத்தியின் வளைந்த நுனி கல் இடுக்குக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ரப்பர் இல்லாத ஊர்க்காரர்கள் ஆக்ஸா பிளேடைச் சூடுகாட்டி நுனியை வளைத்துக்கொள்ளலாம். ஆலும் அரசும் மட்டும் உடனே எடுக்க வேண்டியவை. பறவை எச்சத்தில் வந்து விழும், நாலு இலை விடும்போதே வேர் ஒரு சாண் போயிருக்கும். இலையைக் கிள்ளினால் வேர் தடிக்கத்தான் செய்யும், கல்லைத் தூக்கி வேரோடு எடுங்கள்.

இளஞ்செடிக்குக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவது நல்ல வழி. மெல்லிய வேர்ச் செடிகள் அன்றைக்கே வாடிவிடும். அருகுக்கும் கோரைக்கும் பலிக்காது. வெறும் தண்ணீராக இருக்க வேண்டும், வடித்த கஞ்சியை ஊற்றாதீர்கள். கஞ்சி பாசிக்குத் தீனி.

உப்புப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். செடி சாகும், உண்மைதான். மழையில் கரைந்து அந்த உப்பு ஓரத்துக் கறிவேப்பிலைக்கும் கிணற்றுக்கும் போகும். களைக்கொல்லி அடிப்பதையும் நான் செய்வதில்லை, செய்யச் சொல்வதும் இல்லை. கிளைபோசேட் என்கிற களைக்கொல்லியை 2019-ல் கேரளா தடை செய்தது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசும், பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழிலில் உள்ளவர்கள் வழியாகத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று அறிவிப்பு வெளியிட்டது. எங்கள் பக்கம் முற்றத்துக்கும் கிணற்றுக்கும் பத்தடி இடைவெளிகூட இருக்காது. குழந்தை தவழ்கிற இடத்தில், கோழி கொத்துகிற இடத்தில் எதற்கு அது?

பாசி வேறு கதை. புல்லுக்கு மண் வேண்டும், பாசிக்கு நிற்கிற ஈரமும் கொஞ்சம் வெளிச்சமும் போதும். எங்கள் மாவட்டத்துக்கு இடவப்பாதியிலும் மழை, ஐப்பசியில் துலாமழையும் உண்டு. நடுவில் கல் முழுசாகக் காய்கிற மாதங்கள் குறைவு. மழைக்காலத்தில் வயசானவர்கள் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். கல்லை மாற்றித் தாருங்கள் என்று அழைப்பார்கள். அங்கே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதைப் பார்க்க ஒரு வாளி போதும். காய்ந்த நாளில் முற்றம் முழுக்கத் தண்ணீர் விட்டு அரைமணி நேரம் கழித்து வாருங்கள். இன்னும் ஈரம் நிற்கிற இடத்தைச் சுற்றிக் கரித்துண்டால் வட்டம் போடுங்கள். மழைக்காலத்தில் பாசி வருகிற இடமும் அந்த வட்டமும் ஒன்றாகவே இருக்கும். 10 அடிக்கு 2 அங்குலச் சரிவு இருக்க வேண்டும், வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம். வட்டத்துக்குள் இருக்கிற கல்லைத் தூக்கி, அடியில் மணலைக் கூட்டி, மட்டப்பலகை வைத்துத் திரும்பப் பதித்தால் அந்த இடத்துப் பாசி வேலை பாதி முடிந்தது. சன்ஷேடிலிருந்து சொட்டுகிற இடம், ஏசித் தண்ணீர் விழுகிற இடம், வாஷிங் மெஷின் குழாய் வாய், இவற்றுக்குக் கீழே கல் எப்போதும் காயாது. ஒரு குழாயைப் போட்டு வாய்க்காலுக்குத் திருப்பிவிடுங்கள். ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷின் முற்றத்திலேயே இருக்கிற வீடுகளில் இன்னும் மோசம். பாலிலிருந்து பிழிந்து வருகிற தண்ணீரில் பாசிக்கு வேண்டிய சத்தெல்லாம் இருக்கும், அது ஒரு சொட்டுக்கூடக் கல்மேல் ஓடக் கூடாது. மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பிலா மரத்தின் தாழ்ந்த கிளைகளை மட்டும் கழித்துவிட்டு இரண்டு மூன்று மணி நேர வெயில் தரையில் விழுந்தால் போதும்.

பாசியிலும் தரம் உண்டு. மழை பெய்ததும் பச்சை ஜவ்வு மாதிரிக் கொழகொழவென்று எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். நாஸ்டாக் என்று பெயர். வெயிலில் அது கறுத்து அப்பளத் துண்டு மாதிரிச் சுருண்டு கிடக்கும். செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அடுத்த மழையில் அரைமணியில் திரும்ப எழும்பும். காய்ந்து கிடக்கும்போதே சுரண்டி, சாக்கில் அள்ளி வெளியே கொண்டுபோங்கள். முற்றத்து ஓரத்தில் தள்ளினால் தண்ணீரோடு திரும்ப வரும். மதில் சுவரில் செங்காவி மாதிரிப் படர்வதும் பாசிதான். 2001-ல் கோட்டயம், இடுக்கிப் பக்கம் சிவப்பு மழை பெய்தது பலருக்கு நினைவிருக்கும். திருவனந்தபுரத்துப் புவி அறிவியல் ஆய்வு மையமும் பாலோடு தாவரவியல் பூங்காவும் ஆராய்ந்து, அந்த நிறம் இந்த வகைப் பாசியின் வித்துகளால் வந்தது என்று அறிக்கை தந்தன. சுவரில் இருக்கிறவரை அது யாரையும் வழுக்கிவிடாது, விட்டுவிடலாம்.

தரைப் பாசியை எடுக்க முதலில் தேய்க்க வேண்டும், பிறகுதான் மருந்து. கட்டி பிளாஸ்டிக் பிரஷ், இல்லையென்றால் தேங்காய்க் கதம்பை. கம்பி பிரஷ் வேண்டாம், கம்பித் துணுக்கு கல்லில் தங்கித் துருக்கறை விடும். தேய்த்து அள்ளினபிறகு 10 லிட்டர் வாளித் தண்ணீரில் 100 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டு மரக்கம்பால் கலக்கி, அரைமணி தெளியவிடுங்கள். மேலே நிற்கிற தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்து ஊற்றுங்கள், அடியில் நிற்கிற சுண்ணாம்புக் கசடு கல்லில் வெள்ளைத் திட்டாகும். வெயில் தாழ்ந்த நேரம் நல்லது, 20 நிமிஷம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பத் தேய்த்துத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நிறக்கல் என்றால் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கையுறை போடுங்கள். ஓரத்துச் செடிகளை முதலிலேயே நல்ல தண்ணீரில் நனைத்துவிடுங்கள், கழுவின தண்ணீர் கிணற்றுக்கும் மீன் தொட்டிக்கும் போகாமல் மண்ணால் ஒரு வரப்புக் கட்டுங்கள்.

இதோடு ஆசிட் சேர்க்கவே கூடாது. கக்கூஸ் கழுவுகிற திரவமும் ஆசிட்தான். சில வருஷங்களுக்கு முன்னே ஒரு வீட்டில் என்னோடு வந்த பையன், பிளீச்சிங் ஊற்றின இடத்தில் சீக்கிரம் போகட்டும் என்று ஆசிட்டையும் ஊற்றிவிட்டான். குப்பென்று குளோரின் புகை கிளம்பி, மூச்சு வாங்க முடியாமல் இருமிக்கொண்டே ஓடினான். திறந்த முற்றம், அதனால் பிழைத்தான். சுவர் அடைத்த அடுக்களைப் புறமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் கை நடுங்கும். ஆசிட்டைத் தனியாகக்கூட ஊற்றாதீர்கள். கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை, ஆசிட் பட்டால் நுரைத்து மேல்தோல் போய்விடும். இன்டர்லாக்கின் சிமென்டையும் அரிக்கும். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். சொரசொரப்பான கல்லில் அடுத்த மழைக்குப் பாசி முன்னைவிட வேகமாக ஒட்டும்.

ரப்பருக்குத் தெளித்து மீந்த போர்டோக் கலவை என்கிற பூஞ்சை மருந்தை முற்றத்தில் ஊற்றுகிற வழக்கமும் எங்கள் பக்கம் உண்டு. அதிலிருக்கிற மயில்துத்தம் பாசியைக் கொல்லத்தான் செய்யும். கல் நீலம் பாயும், செம்பு மண்ணில் தங்கிக்கொண்டே போகும், குளத்தில் கலந்தால் மீன் சாகும். வேண்டாம்.

பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுத்தால் முனையைச் சாய்த்துப் பிடித்து, ஓர் அடி தள்ளி அடியுங்கள். நேராக இடுக்குக்குள் அடித்தால் மணல் முழுக்க வெளியே பறக்கும், பலர் பாசியைப் போக்கிவிட்டுப் புல்லை வரவழைப்பது இப்படித்தான். அடித்தபிறகு இரண்டு மூன்று நாள் காயவிட்டு, முன்னே கட்டி வைத்த மணல் மூட்டையை அவிழ்த்து இடுக்கை நிரப்பியே ஆக வேண்டும். கல்லில் ஈரம் ஏறாமல் இருக்கச் சீலர் பூசுகிறவர்கள், படலமாக மினுங்குகிற வகையை வாங்காதீர்கள், அது ஈரத்தில் பாசியைவிட வழுக்கும். உள்ளே இறங்குகிற வகை பரவாயில்லை, கல் நன்றாகக் காய்ந்த நாளில் பூச வேண்டும், சில வருஷத்தில் திரும்பப் பூச வேண்டிவரும்.

நான் என் வீட்டில் செய்கிற கணக்கு இது: மாசிக் கடைசியில் முழுசாகச் சுரண்டல், தேய்ப்பு, தேவைப்பட்ட இடத்துக்கு மட்டும் பிளீச்சிங், மணல் நிரப்பல். வைகாசி பிறந்ததும் வாளித் தண்ணீர்ச் சோதனை, தாழ்ந்த கல்லைத் தூக்கி வைத்தல். இடவப்பாதிக்கும் துலாமழைக்கும் நடுவே வெயில் கிடைக்கிற ஒரு வாரத்தில் இடுக்கை ஒரு தரம் பார்த்தல். மற்றபடி வாரியல்.

சுரண்டி எடுத்த கறுப்பு மண்ணைத் தூர எறியாதீர்கள். பிளீச்சிங் படாததென்றால் வாழை மூட்டுக்கு நல்ல உரம். கோரைக்கிழங்கை மட்டும் அந்த மண்ணோடு போகவிடாமல் பொறுக்கி, தகரத்தின்மேல் பரப்பி, உள்ளங்கையில் நொறுங்குகிறவரை வெயிலில் வையுங்கள். அக்கா வீட்டில் அன்றைக்கு அப்படித்தான் இரண்டு தகரம் நிறைய மொட்டைமாடியில் காய்ந்தது.